புலம்பும் செவியும்

புலம்பு என்பது தனிமைப் பொருட்டாகிய உரிச்சொல் எனத் தொல்காப்பியனார் உரியியலின்கண் ஓதினார். பிற்கால வழக்கில் அச்சொல்லே, துயர் பொறாது வாய்விட்டு அரற்றுதலைக் குறிப்பதாயிற்று. ஒரு சொல் இவ்விரு பொருளினும் நின்றது வறிதே நேர்ந்ததன்று என யாம் பன்னாள் எண்ணியதுண்டு. தனித்தார் நெஞ்சினுள் நிறைந்து கிடப்பது சொல்லே. அதனை ஏற்கும் செவி கிடையாதவழி அது சுவரை நோக்கியேனும் வெளிப்படும். இத்துயரை நீக்கும் மருந்து பலரொடு கூட்டிவைத்தலோ, ஒருவரொடு உரையாடச் செய்தலோ என்று இக்காலத்து உளநூலார் வினவுகின்றனர். அவ்வினாவைச் சித்தாந்த நூற்பயிற்சியுடையார் முன் வைத்து ஆராயப் புகுகின்றாம்.

இதனைச் சிறு பொருளென எண்ணற்க. 2018ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் தனிமைத் துயர் நீக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் ஒப்புவித்தனர்; 2021இல் ஜப்பானியரும் அவ்வாறே செய்தனர். தனிமைக்கும் ஓர் அமைச்சரோ என்று அச்செய்தி கேட்ட ஞான்று யாம் நகைத்தது உண்மையே. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்து வெளிப்போந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை, மக்களுள் அறுவரில் ஒருவர் இத்துயருடையர் என்றும், இதனோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டொன்றுக்கு 8,71,000க்கு மேற்படும் என்றும் மதிப்பிட்டுரைக்கின்றது. அதனைக் கண்ட பின்னர் எம் நகை அடங்கிற்று.

அஃதேல், தனித்திருத்தலைத் துறவோர்க்குச் சிறப்பென நூல்கள் விதித்தல் என்னை? திருமடங்களிற் பெரியோர் பலர் விரும்பி மேற்கொள்ளும் நிலையை நோயென்றல் பொருந்துமோ எனின், கூறுதும். ஏகாந்தம் வேறு, புலம்பு வேறு. ஏகாந்தத்திருப்பார் துணையிலர் அல்லர். பிரியாத் துணையாகிய முதல்வனோடு இருத்தற்பொருட்டே ஏனைய துணைகளை விடுத்தார். புலம்புற்றார்க்கோ தம்மையன்றிப் பிறிதொன்றுந் தோன்றாது. கேவலம் என்னும் சொற்கும் தனித்திருத்தல் என்பதே பொருள். ஆன்மா ஆணவ மறைப்பினுட்பட்டு, அறிவிச்சை செயல்கள் விளங்காது கிடக்கும் நிலைக்கு நம் ஆசிரியன்மார் அப்பெயரையே இட்டனர். அந்நிலையினின்றும் உயிரை எடுத்தற்கு இறைவன் தநு கரண புவன போகங்களைக் கூட்டினான் என்பர்; வாக்கும் அங்ஙனம் கூட்டப்பட்டவற்றுள் ஒன்று. மனையாளை இழந்தான் ஒருவனது துயரைக் கேவலாவத்தை என்று யாம் சாதிக்க வந்தேமல்லேம். ஒப்புமை ஓரளவிற்கே. ஆயினும் இருளினுள் அடைபட்ட உயிர்க்குச் சொல் ஒரு கதவு என்பது அவ்வொப்புமையாற் பெறப்படும்.

இனி, உளநூலார் கண்டதைக் கேண்மின். சிக்காகோ பல்கலைக்கழகத்திருந்து 2018இல் மறைந்த ஜான் கசியாப்போ என்பார் தம் வாழ்நாளிற் பல்லாண்டுகளை இவ்வாராய்ச்சிக்குச் செலவிட்டவர். தனிமைத் துயர் நீடித்தவழி மனம் பிறரை அஞ்சத் தொடங்கும் என்பது அவர் கண்டவற்றுட் சிறந்தது. எதிர்ப்பட்டார் புன்னகை செய்யினும் அதனை இகழ்ச்சியெனக் கொள்ளும். தள்ளப்படுமுன் தானே விலகும். விலகவே தனிமை மிகும். இவரும் உடனாராய்ந்த மூவரும், அத்துயர் நீக்க முன்னர்ச் செய்யப்பட்ட முயற்சிகளையெல்லாம் தொகுத்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பழகுந்திறம் பயிற்றல், ஆதரவு நல்கல், பலரொடு கூடும் வாய்ப்பு மிகுத்தல், பிறரைப்பற்றிய திரிபுணர்ச்சியைத் திருத்தல் என அம்முயற்சிகளை நால்வகைப்படுத்தி, செவ்விய சோதனைகளில் இறுதிக்கண் நின்றதே பயன் மிகுந்தது எனக் கண்டனர். தேர்த்திருவிழாக் கூட்டத்தினிடையே வடம் பிடித்து நிற்பவனும் புலம்புற்றிருத்தல் கூடும் என்பதனை நம்மவர் அறிவர். கூட்டம் மாத்திரையால் தனிமை நீங்காது. மறைப்பு உள்ளிருக்கப் புறத்தே விளக்கேற்றுதல் போலும் அது.

அற்றேல் கூட்டம் வேண்டா, உரையாடலே அமையும் என்று துணிதும் எனின், அதுவும் குறைபாடுடைத்து. இதனைத் தெளிவித்தற்கு ஆப்பிரிக்காக் கண்டத்து ஜிம்பாப்வே நாட்டில் நிகழ்ந்ததொன்றைச் சற்று விரித்துரைப்பாம்.

அந்நாட்டின் தலைநகர் ஹராரே. 2005ஆம் ஆண்டில் அந்நாட்டரசாங்கத்தார் நகர்களிலுள்ள ஏழை மக்களின் குடியிருப்புக்களையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளினர். வீடோ பிழைப்போ இழந்தவர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் சபையார் கணக்கிட்டனர். அக்காலை ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மனநோய் மருத்துவர் பத்துப் பன்னிருவரே இருந்தனர். அவருள் ஒருவர் டிக்ஸன் சிபாண்டா என்பார். அவரிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண்ணொருத்தி அவ்வாண்டில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். முன்னரே அழைத்து வாராமைக்குக் காரணம் வினவிய மருத்துவர்க்குத் தாய் கூறிய விடை, பேருந்துக் கட்டணம் 15 டாலர் தம்மிடம் இல்லை என்பதே. மருத்துவமனையில் நோயாளியை எதிர்பார்த்திருத்தல் இனி அமையாது எனச் சிபாண்டா துணிந்தார்.

பொருளில்லை, உதவி மருத்துவரில்லை, மருத்துவ நிலையத்துள் இடமும் இல்லை. அவர்க்குக் கிடைத்தவர் ம்பாரே என்னும் பகுதியில் ஊர்நலப்பணி செய்துகொண்டிருந்த பாட்டிமார் பதினால்வரே. 2006இல் அவர்க்குச் சின்னாட் பயிற்சி அளித்து, நிலையத்தின் புறத்தே மரநிழலில் பலகையொன்று இடுவித்து அமர்த்தினார். மனநலப் பலகை என முதலில் இட்ட பெயரைக் கேட்டு ஒருவரும் அணுகவில்லை. பாட்டிமாரே அதனை மாற்றி நட்புப் பலகை என்றனர். நோய்க்கும் மேனாட்டார் பெயரை விலக்கி, ஷோனா மொழியில் மக்கள் வழங்கும் குஃபுங்கிசிசா என்னும் சொல்லையே கொண்டனர். மிகையாய் எண்ணியெண்ணி அழுந்துதல் என்பது அதன் பொருள்.

முறை எளிது. வந்தார் சொல்வனவற்றை இடைமறியாது கேட்டல் முதற்படி. இதனை மனத்தைத் திறத்தல் என்பர். தம் தொல்லைகளுள் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்து, அதற்குரிய வழியையும் அவரே காணுமாறு துணைநிற்றல் இரண்டாவது. இது மேலே தூக்கிவிடுதல். கண்ட வழியிற் செல்லுமாறு வலியுறுத்தல் மூன்றாவது. ஆறுமுறைக்குள் இது நிறைவுறும். தம்முயிரை மாய்க்க எண்ணுவாரையும் கடுநோயுற்றாரையும் தாமே வைத்துக்கொள்ளாது மேலுள்ளாரிடம் அனுப்புதலும் அப்பாட்டிமார்க்கு விதி. இதன் பின்னரே கூட்டம் வருகின்றது. பலகையிற் பேசி எழுந்தாரை, அந்நிலை கடந்த பிறர் கூடியிருக்கும் குழுவிற் சேர்ப்பர். கைகோத்திருத்தல் என்பது அக்குழுவின் பெயர். அங்கே பழைய பிளாஸ்டிக்கைக் கீறிப் பைகள் பின்னி விற்றுக்கொண்டே தம் செய்திகளைப் பேசுவர். முதலில் ஒரு செவி. அச்சம் தெளிந்தபின் பல முகம். அதன்மேல் கைக்கு ஒரு தொழில். இவ்வடைவு பிறழின் பயன் குன்றும் என்பது எம் கருத்து. உரையாடலோ கூட்டமோ என்னும் வினா, ஒரே ஏணியின் இரு படிகளை எதிர்நிறுத்தி வினவுதல் போல்வது.

இதன் பயனை 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக்கொண்டு சோதித்து 2016இல் வெளியிட்டனர். ஆறு திங்கள் கழித்து நோக்கியபோது, வழக்கமான மருத்துவம் பெற்றாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேரிடத்தும், பலகையில் அமர்ந்தாருள் 14 பேரிடத்துமே மனச்சோர்வு காணப்பட்டது. அவர் அளந்தது மனச்சோர்வு முதலியவற்றையேயன்றித் தனிமையை அன்று என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் முறைமை. எனினும் அவை இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பன என்பது யாவரும் அறிந்ததே.

அப்பாட்டிமார் பெரும்பட்டம் பெற்றவரல்லர். ஈண்டுத்தான் எம்மனோர்க்கு நாணம் உண்டாகின்றது. எம்முடன் ஒருசாலை மாணாக்கராயிருந்து நன்னூலும் காரிகையும் பாடங்கேட்ட அன்பர் ஒருவர், சில ஆண்டுகட்குமுன் தம் மனையாரை இழந்தார். மக்கள் அயல்நாட்டில் உள்ளனர். ஒருநாள் மாலை எம்மில்லம் போந்து, அவ்வம்மையார் விடியலிற் செப்புக்குடம் துலக்கும் ஓசை கேட்டே தாம் நாற்பதாண்டு விழித்தெழுந்ததையும், இப்போது விழித்தும் எழ மனமின்றிக் கிடப்பதையும் சொல்லத் தொடங்கினார். யாம் பாதியிலே தடுத்து யாக்கை நிலையாமையை எடுத்து விரித்தேம். பிராரத்துவம் நுகர்ந்தே தீரவேண்டும் என்றும் சொன்னேம். “தாங்கள் சொல்வது சரிதான்” என்று கூறி அவர் எழுந்து போயினார். பின்னர் ஓராண்டுகாறும் வந்திலர். யாம் கூறியவற்றிற் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அவர் கொணர்ந்தது வினாவன்று; யாம் அளித்ததோ விடை.

அவரவர் வினையை அவரவர் நுகர்தல் வேண்டுமாகலின், பிறர் இடைப்புகுந்து துயர் குறைத்தல் யாங்ஙனம் அமையும் என்று இன்னும் சிலர் கூறுவர். அங்ஙனமாயின் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தலும் அமையாததாய் முடியும். ஊழ் கூட்டுவது துயரை மட்டுமன்று. அதனைக் கேட்கும் செவியையும் அதுவே கொணர்ந்து வாயிலில் நிறுத்துகின்றது. அச்செவியுடையான் கேளாதொழியின், அவ்வொழிதல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிராரத்துவம் என்னும் சொல்லைத் தன் துயர்க்குச் சொல்லிக்கொள்ளுதல் பொறை. பிறன் துயர்க்குச் சொல்லுதல் பெரும்பாலும் சோம்பலே. இதனை அவ்வன்பர் திறத்து யாம் செய்ததுகொண்டே அறிந்தேம்.

ஆப்பிரிக்கப் பாட்டிமாரின் செய்தியை அறிந்த பின்னர் அவ்வன்பரை யாமே தேடிச் சென்றேம். திண்ணையில் அமர்ந்து அச்செப்புக்குடத்தின் வரலாற்றை அவர் சொல்லச் சொல்லக் கேட்டேம். அடுத்த கிழமையும் அதனையே சொன்னார்; அதற்கடுத்த கிழமையும் அதனையே. எடுத்துக்காட்டொன்று நாநுனி வரை வருவதும், அதனை விழுங்குதலும் அறுபது கடந்த புலவனுக்கு எத்துணை அரிது என்பதை அங்கே அறிந்தேம். ஐந்தாம் கிழமையிற் குடத்தை விடுத்து, எம்மிடம் பாடங்கேட்கும் பிள்ளைகளைப்பற்றி வினவினார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவர்களுக்கு யாப்புச் சொல்லிக்கொடுக்கின்றார். துயர் முற்றும் நீங்கிற்று என்று சொல்லேம். விடியலிற் குடவோசை இன்மை இன்மையே.

நம் திருமடங்களிலும் சபைகளிலும் திங்கள்தோறும் சொற்பொழிவு நிகழ்கின்றது. சொல்வார் ஒருவர், கேட்பார் பலர். அவருட் பலர் முதியர்; தனித்து வந்து தனித்தே திரும்புவர். சங்கமத்தைச் சிவனெனவே கண்டு வழிபடுதல் நம் சமயத்து விதியாதலின், சொற்பொழிவு முடிந்தபின் அவர் சொல்லவும் பிறர் கேட்கவும் ஒரு நாழிகை ஒதுக்குதல் அதனொடு முரணாது என்று எண்ணுகின்றாம். கேட்பார்க்குப் பயிற்சி யார் அளிப்பது, மருத்துவர்பால் அனுப்பவேண்டுவாரை எங்ஙனம் அறிவது, கேட்டதைப் புறத்தே சொல்லாமைக்கு என்ன காப்பு என்பன ஆராயத்தக்கன. இவற்றைப்பற்றி மடங்களிற் பழகிய அன்பர்கள் தம் கருத்தை இப்பத்திரிகைக்கு எழுதுவாராக.