களத்து வீரமும் அவைத் துணிவும்

வீரம் என்றதும் நம் மனக்கண்முன் விரிவது போர்க்களம். வாளும் வேலும், மார்பில் ஏற்ற புண்ணும், நடுகல்லும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வீரத்தைப் போற்றுவது தமிழர் மரபு. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் குருதி சிந்தாத வீரம் ஒன்றும் உண்டு. அனைவரும் ஒருபுறம் சாய்ந்திருக்கும் அவையில் ஒருவன் மட்டும் எழுந்து, ‘இது அறமன்று’ என்று சொல்லும் துணிவே அது. பகைவர் நடுவே உயிரை விடத் துணிபவர் பலர் இருக்கலாம், அவை நடுவே அஞ்சாது நிற்பவர் அரியர் என்னும் கருத்தை வள்ளுவப் பெருந்தகை ‘அவை அஞ்சாமை’ என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். அவர் கருதியது கற்றோர் அவை. அக்கருத்தை மக்கள் பிரதிநிதிகள் கூடும் அவைக்கும் விரித்துக் காணலாமன்றோ?

இவ்விருவகை வீரத்தையும் ஒருவர் வாழ்விலேயே எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையில், ரக்கூன் என்னும் காட்டு விலங்கின் தோலால் செய்த, வால் தொங்கும் தொப்பியணிந்த ஒருவர் துப்பாக்கியுடன் நின்றார். “அப்பா, இவர் என்ன செய்தார்?” என்று கேட்டாள். “கோட்டை ஒன்றைக் காக்கும் போரில் இறந்தார் அம்மா” என்றேன். பின்னர் அவர் வரலாற்றைப் படித்தபோதுதான், நான் சொன்னது பொய்யன்று எனினும் முழு விடையும் அன்று என உணர்ந்தேன்.

எல்லைப்புறத்து மைந்தர்

அவர் பெயர் டேவிட் கிராக்கெட். 1786 ஆகஸ்டு 17-ஆம் நாள், இன்று டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியாக விளங்கும் காட்டுப்புறத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1777-இல், அவருடைய பாட்டனாரும் பாட்டியாரும் பழங்குடியினர் தாக்குதலில் கொல்லப்பட்டனர். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

தந்தையார் வழிப்போக்கர் தங்கும் சிறு விடுதி நடத்தியவர். கடன் சுமை அவரை விட்டு நீங்கவில்லை. அக்கடனில் 36 டாலரைத் தீர்க்கச் சிறுவன் டேவிட் ஆறு மாதம் பிறரிடம் வேலை செய்தான். அத்துடன் அவன் கடமை முடிந்தது. ஆயினும் வேறொருவரிடம் தந்தை 40 டாலருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பதை அறிந்து, எவரும் கேளாமலேயே மேலும் ஆறு மாதம் உழைத்து, அச்சீட்டை மீட்டுவந்து தந்தையின் கையில் தந்தான். கடன்காரர் பணம் கேட்டு அனுப்பிய சீட்டு என்றே தந்தை முதலில் எண்ணினாராம். உண்மை தெரிந்ததும் கண்ணீர் விட்டாராம். 1834-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் கிராக்கெட் இதைச் சொல்கிறார். தான் வாங்காத கடனையும் தன் கடனாகக் கொண்ட மனம் அது. பள்ளிப் படிப்போ ஓராண்டும் நிரம்பாதது.

1813-இல் கிரீக் பழங்குடியினருக்கும் வெள்ளையருக்கும் போர் மூண்டபோது அவர் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் தல்லுஷாச்சி என்னும் ஊரை அவர் சேர்ந்திருந்த படை சூழ்ந்தது. வீரர்கள் பலர் ஒடுங்கியிருந்த ஒரு வீட்டை அவர்களுடனேயே எரித்தனர். மறுநாள், பசியால் வாடிய படையினர் எரிந்த வீட்டின் அடியில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்து உண்டனர். மனிதக் கொழுப்பு உருகி வழிந்ததில் வெந்த கிழங்கு அது. இக்கொடுமையையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். பழங்குடியினரின் துயரை அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். அத்துயருக்குத் தாமும் ஒரு காரணமாக இருந்து அறிந்தவர்.

நிலமும் உழவனும்

வேட்டையிலும் கதை சொல்லுவதிலும் வல்லவரான கிராக்கெட் 1821-இல் டென்னசி சட்டமன்றத்துக்கும், 1827-இல் வாஷிங்டனில் உள்ள பிரதிநிதிகள் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1829-இல் மீண்டும் வென்றார். அவருடைய தொகுதி மேற்கு டென்னசி. அங்கே ஏழைக் குடும்பங்கள் காட்டைத் திருத்தி, குடிசை கட்டி, சோளம் விளைவித்து வாழ்ந்தன. ஆனால் நிலத்துக்குப் பட்டா கிடையாது. செல்வர் எவரேனும் பத்திரத்துடன் வந்தால் வெளியேற வேண்டியதுதான். அந்நிலத்தை உழுபவருக்கே குறைந்த விலையில் தரவேண்டும் என்பது கிராக்கெட்டின் கோரிக்கை. அவருடைய மாநிலத்து உறுப்பினர் பிறரோ அதை மாநில அரசிடம் ஒப்படைக்க விரும்பினர். இப்பிணக்கினால் அவருக்கும் தம் கட்சியினருக்கும் இடையே விரிசல் விழுந்தது. அவர் காங்கிரஸில் இருந்த காலம் முழுவதிலும் அம்மசோதா நிறைவேறவே இல்லை.

1830-ஆம் ஆண்டின் வாக்கு

இந்நிலையில்தான் பழங்குடியினரை இடம்பெயர்க்கும் மசோதா வந்தது. செரோக்கி, கிரீக், சோக்டா, சிக்கசா, செமினோல் முதலிய இனத்தவர் தென்பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்த நிலத்தைப் பெற்றுக்கொண்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அவர்களுக்கு வேறு நிலம் அளிக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரமும், அதற்கென 5,00,000 டாலரும் வழங்குவது அதன் நோக்கம். விருப்பத்தின் பேரில் நடக்கும் மாற்றம் என்றே சட்டம் பேசியது. ஆனால் அந்நிலத்தின்மீது குடியேறிகளின் கண் விழுந்திருந்தது. ஜார்ஜியாவில் செரோக்கியர் மண்ணில் பொன்னும் கிடைத்திருந்தது. விருப்பம் என்பது வெறும் சொல்லாகவே முடியும் என்பதை உணர்ந்தோர் அப்போதே இருந்தனர்.

மசோதாவை முன்னின்று நடத்தியவர் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன். அவர் கிராக்கெட்டின் மாநிலத்தவர். கிரீக் போரில் அவருக்குத் தளபதியாக இருந்தவர். டென்னசி மக்களின் கண்கண்ட தெய்வம். கிராக்கெட்டின் வாக்காளர்களில் மிகப் பலர் நிலத்துக்கு ஏங்கியவர்கள். அவர்களும் மசோதாவை விரும்பினர்.

மே 26-ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 102, எதிர்ப்பு 97. மூவர் மனம் மாறி மறுபுறம் வாக்களித்திருந்தால் மசோதா வீழ்ந்திருக்கும். டென்னசி உறுப்பினர்களுள் எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். அவர்தாம் பாட்டனையும் பாட்டியையும் பழங்குடியினர் கையில் பறிகொடுத்த குடும்பத்தில் பிறந்த டேவிட் கிராக்கெட்.

அவர் பேச்சாக அச்சேறியுள்ளதன் சாரம் இது: பழங்குடி இனத்தவர் தன்னாட்சி உரிமை உடைய மக்கள், அவர்களுடன் செய்த உடன்படிக்கைகளைக் காப்பது அரசின் கடமை, தம் தொகுதியின் எல்லைக்கு அப்பால் சிக்கசாக்கள் வாழ்கின்றனர், அவர்களுள் பலரைத் தாமே அறிவார், தம் மாநிலத்தார் எவரும் உடன்படாவிடினும் தம் மனச்சான்றுக்கு மாறாக வாக்களிக்க இயலாது. காடு திருத்திய ஏழை வெள்ளையன் தன் நிலத்தை இழக்கலாகாது என்று வாதாடியவர், அதே நீதியைத் தம் குலத்தவர் அல்லாதார்க்கும் அளந்தார் என்றே நான் கொள்கிறேன்.

எழும் தடைகள்

இங்கே சிலர் தடை எழுப்பலாம். முதல் தடை, அவர் உள்நோக்கம் பற்றியது. ஜாக்சன்மேல் கொண்ட பகையே அவ்வாக்குக்குக் காரணம் என்பர். பகை இருந்தது உண்மையே. பின்னர் 1834-இல், ஜாக்சனை எதிர்த்த விக் கட்சியார் அவரைப் பாஸ்டன், நியூயார்க் முதலிய நகரங்களுக்கு அழைத்துச்சென்று காட்சிப் பொருளாக்கினர். சபை கூடியிருந்த காலத்திலேயே அவரும் அதற்கு இசைந்தார். அவர் அடிமைகளையும் வைத்திருந்தவர். ஆகவே அவரைத் தவமுனிவராக்க நான் முயலவில்லை. ஆனால் பகை ஒருவனை எதிர்க்கட்சியில் சேர்க்கலாம். வாக்குரிமையற்ற ஓர் இனத்துக்காகத் தன் தொகுதியையே பணயம் வைக்கச் செய்யுமா?

இரண்டாம் தடை வலிமையானது. மக்கள் தேர்ந்தெடுத்தவர் மக்கள் விருப்பத்தை அல்லவா பேசவேண்டும்? 1774-இல் எட்மண்ட் பர்க் தம் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், உழைப்பை மட்டுமன்றித் தம் சிந்தனைத் தீர்ப்பையும் அவர்களுக்குத் தரப் பிரதிநிதி கடமைப்பட்டவர் என்று விளக்கினார். 1780-இல் பிரிஸ்டல் அவரைக் கைவிட்டது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. வரி எவ்வளவு, சாலை எங்கே என்பவற்றில் பிரதிநிதி மக்கள் குரலாக இருத்தல் தகும். ஆனால் அவையில் குரலே இல்லாத பிறரின் வீட்டையும் மண்ணையும் பறிப்பதற்கு மக்கள் தம் பிரதிநிதிக்கு அதிகாரம் தர இயலுமா? தமக்கே உரிமையில்லாத ஒன்றை அவர்கள் எவ்வாறு பிறருக்குக் கொடுப்பர்? அவ்விடத்தில் மனச்சான்றே மேலானது. அதன் விலையைப் பிரதிநிதி தாமே செலுத்த வேண்டும் என்பதும் உடன் நிற்கிறது.

நம் நாட்டில் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். விலைபோவோரைத் தடுக்க வந்த வேலி அது. விலைபோகாமல் மாறுபடுவோரையும் அதே வேலி தடுக்கிறது. கிராக்கெட்டுக்கு வாக்காளர் அளித்த தண்டனையை நாம் அவைக்குள்ளேயே வைத்துவிட்டோம்.

மூன்றாம் தடை, பயன் என்ன என்பது. மசோதா நிறைவேறியது, மே 28-ஆம் நாள் சட்டமாயிற்று. 1838, 1839 ஆண்டுகளில் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் படை வீரர்களால் பிடிக்கப்பட்டு மேற்கே செலுத்தப்பட்டனர். குளிராலும் நோயாலும் இறந்தோர் சுமார் 4,000 பேர் எனக் கணிப்பர். கண்ணீர்த் தடம் என்று வரலாறு அதை அழைக்கிறது. ஒரு வாக்கு அதைத் தடுக்கவில்லை. ஆனால் ‘அக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று பிற்காலத்தார் சொல்லித் தப்ப முடியாதபடி அவ்வாக்கு நிற்கிறது. அன்றே அறிந்திருக்க இயன்றது என்பதற்கு அவ்வாக்கே சான்று.

என் கை

இவ்வளவு எழுதிய நான் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடியிருந்த அரசுக் குடியிருப்பின் வாயிலில், வேப்பமர நிழலில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒருவர் மேசை போட்டுத் துணி தேய்த்துவந்தார். என்னைக் கண்டால் “பாபுஜி” என்று எழுந்து நிற்பார். இடம் அழகுகெடுகிறது என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் கூறினார். அகற்ற வேண்டும் என்பதற்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். வேறிடம் காட்டிவிட்டு அகற்றலாமே என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்தது. பக்கத்தில் இருந்தோர் கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது.

எனக்கு நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு யாது? பதவியா, உயிரா? இரண்டுமில்லை. அண்டை வீட்டார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதிருப்பர், அவ்வளவே. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்து, இன்னொருவர் மண்ணில் கால் ஊன்றியவன் நான். என்னைப் போலவே வந்த ஒருவரின் காலடி மண்ணை எடுக்க நானும் ஒரு கை கொடுத்தேன். மறுவாரம் அவ்வேப்பமரத்தடியில் கரித்தூள் மட்டும் கிடந்தது.

கிராக்கெட் 1831 தேர்தலில் தோற்றார். 1833-இல் வென்று, 1835-இல் 252 வாக்குகளில் மீண்டும் தோற்றார். நிலமசோதா நிறைவேறாமை உட்பட வேறு காரணங்களும் அத்தோல்விகளுக்கு உண்டு. மனம் கசந்து டெக்சாஸ் சென்றவர், 1836 மார்ச் 6-ஆம் நாள் அலமோ கோட்டையில் மெக்சிகோ படையின்முன் தம் 49-ஆம் வயதில் மாண்டார். அப்போரில் டெக்சாஸ் குடியேறிகளின் பக்கம் முழுவதும் அறமே இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. மெக்சிகோ 1829-இல் ஒழித்த அடிமை முறையை அவர்களுள் பலர் விடாது வைத்திருந்தனர். தந்தையால் நிறைவேற்ற முடியாத நிலச் சட்டத்தை, அவருக்குப்பின் காங்கிரஸுக்குச் சென்ற மகன் ஜான் வெஸ்லி கிராக்கெட் 1841-இல் நிறைவேற்றினார்.

அலமோவில் அவருடன் நின்று மாண்டவர் ஏறத்தாழ 200 பேர். 1830-இல் டென்னசி உறுப்பினர்களிடையே அவருடன் நின்றவர் ஒருவருமில்லை. உலகம் முன்னதைப் படமாக்கிப் பாடுகிறது, பின்னதை மறந்துவிட்டது. என் மகள் மீண்டும் கேட்டபோது, “எல்லாரும் கை உயர்த்தியபோது தாம் உயர்த்தாதிருந்தார் அம்மா” என்று சொன்னேன். “அது பெரிய காரியமா அப்பா?” என்றாள்.

பெரிய காரியம்தான். அதை என் கை அறியும்.