முற்பணம் யாருடைய பணம்?

வீடு மாறும் நாளில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கை. வாசலில் லொறி நிற்கிறது. அலுமாரி, தையல் மெசின், சுருட்டிய பாய்கள் எல்லாம் ஏறியாயிற்று. திரு இருதயப் படத்தை மட்டும் வீட்டுத்தாய் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருக்கிறார். மேல்மாடியில் வீட்டுக்கார அம்மா சாவிக் கொத்தை எண்ணி வாங்கிக்கொள்கிறார். குடும்பத் தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: “அன்ரி, அந்த அட்வான்ஸ்...”

“ஒரு மாதம் பொறுங்கோ தம்பி. புது ஆக்கள் வந்தவுடனே தாறன். சுவரெல்லாம் பார்த்தீங்கள்தானே? பெயின்ட் அடிக்க வேணும்.”

கீழே லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். வெள்ளவத்தையில் பார்த்துவைத்த வீட்டுக்கு மிச்ச முற்பணத்தை அன்று மாலைக்குள் கொடுப்பதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இந்தப் பணத்தை நம்பியே அந்த வாக்கு.

வாசகரே, இவ்விருவரில் ஒருவரும் கெட்டவர் அல்லர். ஞாயிறு பூசைக்கு இருவரும் ஒரே கோவிலுக்குப் போகிறவர்களாகவும் இருக்கலாம். களவெடுப்பது பாவம் என்று இருவருக்கும் தெரியும். ஆயினும் அந்த அம்மாவிடம், “நீங்கள் பிறர் பணத்தை வைத்திருக்கிறீர்கள்” என்று யாராவது சொன்னால் அவர் திடுக்கிட்டுப் போவார். “நான் என்ன களவா எடுத்தேன்? அவராகத் தந்ததுதானே!” என்பார். தந்தது உண்மை. எதற்காகத் தந்தார் என்பதே கேள்வி.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூரில் ‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறோம். ஆறு மாத வாடகையை அல்லது ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்து, மாதாமாதம் அதில் கழித்துக்கொண்டு போவது ஒன்று. இது வாடகையேதான், கழிந்தவுடன் முடிந்துவிடும். வாடகையை மாதந்தோறும் தனியே கொடுத்து, வீட்டுக்குச் சேதம் வந்தாலோ வாடகை நிலுவையானாலோ ஈடாக இருக்கட்டும் என்று ஒரு தொகையைக் கொடுத்து வைப்பது மற்றொன்று. இது கடைசி நாளில் திரும்பிவர வேண்டிய பணம். எது எந்த வகை என்று எழுதாமல், தரகர் முன்னிலையில் தலையாட்டிவிட்டு வந்த காரணத்தால் மூண்ட சண்டைகள் எத்தனை! நாம் இங்கே பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

வீட்டுச் சொந்தக்காரர்கள் பெருந்தொகை கேட்பதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குப் பலத்த பாதுகாப்புக் கொடுத்தது. மறுவருடம் வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒருவர் எத்தனை வீடுகள் வைத்திருக்கலாம் என்று எல்லை வகுத்தது. வாடகைக்குக் கொடுத்த வீடு திரும்பி வராது என்ற பயம் கொழும்பில் ஒரு தலைமுறைக்கே பிடித்துக்கொண்டது. 1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிய வீடுகள் பலவற்றை அச்சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. பயம் மட்டும் விலகவில்லை. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்குக் கொடுத்த வீட்டின் உடைமையைச் சொந்தக்காரர் விரைவாக மீட்க வழி செய்தது. ஆனால் அது வீட்டைப் பற்றிய சட்டம், முற்பணத்தைப் பற்றியதன்று.

இப்பொழுது கேள்விக்கு வருவோம். அந்த இரண்டு வருடமும் அந்தப் பணம் யாருடையது?

உரோமைச் சட்ட வல்லுநர் இதில் ஒரு வேற்றுமை கண்டனர். முத்திரையிட்ட பையில் நாணயங்களைக் கட்டி, “இதைப் பத்திரமாக வைத்திரு” என்று கொடுத்தால் அது ஒப்படை. வாங்கியவர் அதைத் தொடக்கூடாது. “இதைப் பயன்படுத்திக்கொள், பிறகு இதே அளவு திருப்பிக் கொடு” என்றால் அது கடன். நாணயங்கள் வாங்கியவருடையனவாகிவிடும், தொகை மட்டும் அவர்மேல் நிற்கும். நமது முற்பணம் நடைமுறையில் இரண்டாவதையே ஒத்தது. சொந்தக்காரர் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. மகளின் படிப்புக்கோ கூரைத் திருத்தத்துக்கோ செலவிட்டிருப்பார். குடியிருப்பவருக்கும் அது தெரியும். ஆகவே செலவழித்ததையே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை.

குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கொடுக்க வேண்டிய நாள் அந்தத் தொகையை வாங்கிய அன்றே தெரியும். அந்த நாளில் கொடுக்க வழி வைக்காமல் செலவழித்தவர், வருகிற குடியின் முற்பணத்தால்தான் போகிற குடியின் முற்பணத்தைத் தீர்க்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். புது ஆள் வருவது பிந்தினால், அந்தப் பிந்தலின் பாரத்தைச் சுமப்பவர் யார்? வீட்டை விட்டுப் போனவர். வீடு வெறுமையாகக் கிடக்கும் நட்டம் சொந்தக்காரருடையதாயிருக்க, அதை அவருக்குத் தெரியாமலே அவர் தலைமேல் ஏற்றிவிடுகிறோம். அவரோ புதுவீட்டுக்காரருக்கு வாக்குத் தவறியவர் ஆகிறார், அல்லது நகையை அடைவுகடைக்குக் கொண்டுபோய் வட்டி கட்டுகிறார். ‘ஒரு மாதம்தானே’ என்பது சொல்பவருக்குச் சின்னச் சொல்.

புனித அக்குவினாஸ் தோமையார் தமது பெருநூலில் ஈடுசெய்தலைப் பற்றி எழுதும்போது, திருப்பிக் கொடுப்பதைத் தள்ளிப்போடலாமா என்பதையே தனிக் கேள்வியாக எடுக்கிறார். உடனே கொடுக்க வேண்டும். முடியாவிடில் தவணை கொடுக்கும் உரிமையுடையவரிடம் தவணை கேட்க வேண்டும் என்பது அவர் விடை. பிறர் பொருளை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைத்தால், அதன் பயனை அவரிடமிருந்து பறிப்பதாகிறது என்பது அவர் காட்டும் காரணம். கவனியுங்கள்: தவணை கேட்க வேண்டும். நமது மேல்மாடி அம்மா தவணை கேட்கவில்லை, தாமே எடுத்துக்கொண்டார். லொறி நிற்கிறபோது, “இரண்டு மாதத்துக்கு முன்னமே சொல்லியிருந்தால் வேறு ஒழுங்கு செய்திருப்பேனே” என்று அந்த மனிதர் நினைப்பது நியாயமன்றோ?

இது அற்ப விஷயம் என்று எண்ணவேண்டாம். கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். அவர்கள் விடியுமுன் கூடி எடுக்கும் உறுதிமொழியில் அடங்கியவை எவை என்று விசாரித்து எழுதியிருக்கிறார். களவு, கொள்ளை, விபசாரம் செய்யாமை, சொல் தவறாமை, அவற்றோடு, ஒப்படைத்த பணத்தைக் கேட்கும்போது மறுக்காமை. நம்மைத் துன்புறுத்திய ஓர் அதிகாரியின் காகிதத்தில் இந்தக் கடைசி அம்சம் பதிவாகியிருக்கிறது.

இனி, கழிவு. முற்பணத்தில் எதைக் கழிக்கலாம்? வாடகை நிலுவை, கட்டாத மின்கட்டணம், உடைத்த கதவு, இவற்றில் தகராறில்லை. காலத்தால் தேய்ந்தது குடியிருப்பவரின் கணக்கன்று. நமது பொதுச்சட்டமான உரோமன்-டச்சுச் சட்டமும் நியாயமான பாவனையால் வரும் தேய்மானத்தை அவர்மேல் சுமத்துவதில்லை. மூன்று வருடம் மனிதர் வாழ்ந்த சுவர் மங்காமல் எப்படி இருக்கும்? வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, குழாய் பச்சை பூக்கிறது. உப்புக்காற்றின் வேலை அது. அதற்கும் கழிவு போட்டால் குடியிருந்தவரிடம் சமுத்திரத்துக்கும் வாடகை வாங்குகிறோம் என்றாகும்.

குடியிருப்போருக்கும் ஒரு சொல் உண்டு. வீட்டை விடுவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே வாடகையை நிறுத்திவிட்டு, “அட்வான்சில கழியுங்கோ” என்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய ஒழுக்கவியல் நூல்களில் மறைவான ஈடுசெய்தல் என்று ஒரு தலைப்பு உண்டு: தனக்கு வரவேண்டியதை மற்றவர் தரமாட்டார் என்று தானே எடுத்துக்கொள்ளலாமா என்பது. கடன் சந்தேகமற்றதாயும், தவணை வந்ததாயும், வேறு வழி இல்லாததாயும் இருந்தால் மட்டுமே அந்நூல்கள் இளகும். இங்கே தவணையே வரவில்லை. சேதத்துக்கு ஈடாக வைத்த பணத்தைச் சேதம் பார்க்குமுன்னரே வெறுமையாக்கினால் ஈடு எங்கே? அந்த வாடகையை நம்பி மருந்து வாங்கும் விதவைகள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். முன்னைய குடிக்குக் கொடுக்காமல் ஏமாற்றியவர் இவர் என்று நிச்சயமாகத் தெரிந்தால்? அப்பொழுதும் வாய்திறந்து சொல்லி, சம்மதம் வாங்கிக் கழிப்பதே நேர்மை என்பது எமது எண்ணம். இதில் வேறு கருத்துள்ள குருக்களும் இருக்கலாம்.

2022ஆம் ஆண்டு இந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்கிவிட்டது. வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை அணுகியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2019இல் மூன்று லட்சம் கொடுத்தவர் 2022 கடைசியில் அதே மூன்று லட்சத்தை வாங்கியபோது, கொடுத்ததை வாங்கினாரா? இலக்கம் அதே, அரிசிக் கணக்கில் பார்த்தால் பாதியளவும் இல்லை. கண்டிப்பான நீதி இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. மேலதிகம் கொடுக்காதவரைக் குற்றவாளி என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் பணத்தை நிலையான வைப்பிலிட்டு, அந்நாட்களில் கிடைத்த பெருவட்டியை வாங்கியவர் கொஞ்சம் யோசிக்கட்டும். பொருள் அதன் உடையவருக்கே பலன் தரும் என்பது பழைய விதி. விலைவாசி ஏறிவிட்டது என்று புதுக் குடிக்கு வாடகையை உயர்த்தியவரும், பழைய குடியிடம் விலைவாசியை அறியாதவர்போல் இருக்க முடியாது.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஒன்று இருக்கிறது. கேட்க வரமுடியாதவரின் பணம்.

1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் உடுத்த உடையோடு அகதி முகாம்களுக்கு ஓடின. பலர் கப்பலேறி வடக்கே போயினர். பலர் நாட்டையே விட்டுப் போயினர். அவர்கள் விட்டுப்போன வீடுகளுள் சில எரிந்தன, சில எரியவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலை கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்படி ஏற்றப்பட்டவர் ஒருவர் அறைக்குக் கட்டிய மிச்சப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டா பஸ்ஸில் ஏறுவார்? ஆள் போய்விட்டார், கடன் போகவில்லை. உடையவரைத் தேடுவது வைத்திருப்பவரின் கடமை. தேடியும் கிடைக்காவிடில் அவருடைய உறவினருக்கு, உறவினரும் இல்லாவிடில் ஏழைகளுக்கு என்பதே திருச்சபையின் ஒழுக்கவியலார் காட்டிய வழி.

தோபித்து நூலில் இதற்கு ஓர் உருவம் உண்டு. தோபித்து மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்தார். பாதைகள் ஆபத்தாகிப் போகவே மீண்டும் அங்கு போக முடியவில்லை. இருபது வருடம் கழிந்தது, பார்வையும் போயிற்று. கடைசியில் ஆள் அனுப்பியபோது கபேல் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. முத்திரை உடையாத பைகளைக் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்தார். கதையில் நாம் எளிதில் தவறவிடும் ஒன்று: இருவரிடமும் ஒரு பத்திரம் இருந்தது, இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாக. நல்லவர்கள் இருவர் எழுதி வைத்தார்கள். எழுதுவது நம்பிக்கையின்மை என்று நினைக்கவில்லை.

நாமோ சொந்தக்காரன், ஊரவன் என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள விதி. அதோடு இன்னொரு காகிதமும் வேண்டும்: குடிவரும் அன்று மின்மானி இலக்கம், வெடித்த ஓடு, ஒழுகும் குழாய், பழைய ஆணித்துளை எல்லாம் எழுதி இருவரும் ஒப்பமிட்ட காகிதம். அப்படியும் பிணக்கு வந்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்கு வழக்கறிஞர் இன்றிப் போகலாம்.

முற்பணம் வாங்கியவர் இறந்துபோனால், “அப்பா வாங்கினது எங்களுக்குத் தெரியாது” என்று பிள்ளைகள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். வீட்டைப் பெற்றுக்கொண்ட பிள்ளைகள் வீட்டோடு வந்த கடனையும் பெற்றுக்கொண்டார்கள். ஆகையால் முற்பணம் வைத்திருக்கும் வயதானவர்களிடம் ஒரு வேண்டுகோள்: யாரிடம், எவ்வளவு, எந்தத் திகதியில் வாங்கினீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி, வீட்டு உறுதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை மூத்த பிள்ளைக்குச் சொல்லியும் வையுங்கள்.