காவல் உருவில் களவு

பகைவனுக்கு அஞ்சி நாம் கதவை அடைக்கிறோம். மருத்துவனுக்கோ நாமே எழுந்து சென்று கதவைத் திறக்கிறோம். எனவே மருத்துவன் வேடத்தில் வரும் தீமைக்குப் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. இப்பழைய உண்மையை இன்று கணினி நமக்குப் புதிதாகக் கற்பிக்கின்றது.

கணினியில் சேரும் குப்பையை அகற்ற, 'சிகிளீனர்' என்னும் மென்பொருளை உலகெங்கும் பலர் பயன்படுத்துகின்றனர். 2017 ஆகஸ்டு 15 அன்று வெளியான அதன் 5.33 பதிப்பினுள் தீய நிரல் ஒன்று மறைந்திருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் அது வெளிப்படவில்லை. அதற்குள் சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் குடிபுகுந்துவிட்டது. அதைத் தந்தது போலி நிறுவனமன்று. 'பிரிஃபார்ம்' என்னும் உண்மையான நிறுவனத்திடமிருந்தே, அதன் செல்லத்தக்க மின்னணு முத்திரையோடு அது வந்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் மென்பொருள் வழியாகத் திருடர்கள் அந்நிறுவனத்துள் நுழைந்திருந்தனர் எனப் பின்னர் தெரியவந்தது.

வேறொரு வகையும் உண்டு. 'வின்ஃபிக்சர்', 'டிரைவ்கிளீனர்' முதலிய பெயர்களில், இல்லாத நோயைத் திரையில் காட்டி அச்சுறுத்திப் பணம் பறித்தவர்கள்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர் பத்து லட்சத்திற்கும் மேல். நம் நாட்டிலும், கணினி உதவி மையமென நடித்து அயல்நாட்டாரை ஏமாற்றிய அழைப்பு மையங்களை 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை சோதனையிட்டது.

இவ்விரண்டும் ஒரே குற்றமா? பின்னதில் வஞ்சனையே தொழில். முன்னதிலோ விற்றவரும் வஞ்சிக்கப்பட்டவரே. 13-ஆம் நூற்றாண்டில் விற்பனையில் நிகழும் வஞ்சனையை ஆராய்ந்த புனித தோமா அக்குவினாஸ் இங்கு நமக்கு வழிகாட்டுகின்றார். குறையை அறிந்தே மறைத்து விற்பவன் பாவம் செய்கிறான். அறியாமல் விற்றவன் பாவியல்லன். ஆனால் அறிந்த அக்கணமே இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது அவர் போதனை. அறியாமை குற்றத்தை நீக்கலாம், பொறுப்பை நீக்குவதில்லை.

அப்படியானால், நம்பியவரின் நிலை என்ன? பெரிய புராணத்து மெய்ப்பொருள் நாயனாரை நாம் அறிவோம். அடியார் வேடத்தில் வந்த முத்தநாதன், ஏட்டுச் சுவடிக் கட்டினுள் கத்தியை மறைத்திருந்தான். நம்பிய மன்னர் உயிரை இழந்தார். எனினும் தமிழுலகம் அவரைப் பேதை என்று இகழவில்லை, பெருந்தகை என்றே போற்றுகின்றது. நம்பிக்கை குற்றமன்று, அதைக் கருவியாக்கியவனே குற்றவாளி.

ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னர் பணயம் வைத்தது தம் உயிரை. பிறருடைய பொருளைக் காப்பவருக்கு அவ்வுரிமை உண்டா? கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம் போன்ற நம் புறநகர்களில் ஜெராக்ஸ் கடைகளின் கணினிகளில் எத்தனை ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் பதிவாகின்றன! பள்ளி, பங்கு அலுவலகம், மருந்துக்கடை ஆகியவற்றின் கணினிகளும் அவ்வாறே. அங்கே இலவசமாகக் கிடைத்ததென்று ஏதோ ஒரு மென்பொருளை ஏற்றுபவர், தமது வீட்டுக் கதவையன்று, அயலாரின் கதவையே திறந்துவிடுகிறார்.

இதனால் எதையும் நம்பாதிருப்பதே அறிவுடைமை என்று கொள்ளலாகாது. மருந்திலும் நஞ்சு கலந்ததென அஞ்சி மருந்தையே மறுப்பவன் நோய்க்கு இரையாவான். அவ்வாறே, புதுப்பித்தலையே வெறுத்தவரின் கணினி வேறு வழியில் வீழும். வஞ்சகன் செய்யும் பெருந்தீங்கு பணத்தைக் கவர்வதன்று. நல்ல மருத்துவனையும் நாம் ஐயுறச் செய்வதே. ஆகவே நம்பிக்கையைக் காப்பது இருவர் கடமை: பெறுகிறவர் விழிப்போடு நம்பவேண்டும், தருகிறவர் தம் முத்திரைக்குப் பின்னால் இருப்பதை நாள்தோறும் சோதிக்கவேண்டும்.