அடுப்பங்கரைச் சுவரும் நம் விரதமும்

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில், அரசுப் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை உள்ள அவ்வூரில் வாழும் நம்மவர் குடும்பம் ஒன்று, தாம் கட்டவிருக்கும் புதுவீட்டின் வரைபடத்தை அண்மையில் நமக்கு அனுப்பியிருந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டு அங்குச் சென்றவர்கள். கூடத்திற்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் வேண்டாம், ஒரு மேடை போதும் என்பது கணவன் மனைவி இருவரின் விருப்பம். சுவரில்லாத அடுப்பங்கரை சிராவகர் வீட்டிற்கு ஆகாது என்பது மாமியாரான மூதாட்டியின் கட்சி. நம் கருத்தைக் கேட்டிருந்தார்கள். கொத்தனாரைக் கேட்க வேண்டியதை நம்மிடம் கேட்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தோம். எண்ணிப் பார்க்கையில், இது நம்மிடமே கேட்க வேண்டிய கேள்வி என்று புலப்பட்டது.

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், ஆகாரதானத்தை விளக்குமிடத்தில், தானம் பெறும் முனிவரைச் ‘சூனைகள்’ நீங்கியவர் என்று சிறப்பிக்கும். சூனை என்றால் கொலைக்களம். உரல், திரிகை, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் என்று அவற்றை ஐந்தாக எண்ணுவர் உரைகாரர். ஐந்தும் சமையற்கட்டிலும் அதன் பக்கத்திலும் இருப்பவை. முனிவர் அவற்றை விட்டு நீங்கினார். இல்லறத்தாராகிய நம்மால் நீங்க இயலாது. அங்கு நிகழும் உயிர்க்கேட்டைக் குறைத்துக்கொள்ள மட்டுமே நம்மால் இயலும். ஆதலின் அடுப்பை எங்கே வைப்பது, வெளிச்சம் எப்படி விழுவது என்பனவெல்லாம் அழகைப் பற்றிய பேச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

நம் பழைய வீடுகளில் திண்ணை, நடை, முற்றம், கூடம் என எல்லாவற்றையும் கடந்த பின்னரே அடுப்பங்கரை வரும். விறகுப் புகை கூடத்திற்கு வராதிருக்கவும், நெருப்பு கூரைக்குத் தாவாதிருக்கவும் அந்தச் சுவர் உதவிற்று. எரிவாயு அடுப்பு வந்தபின் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் வேலையில்லை. வேறொரு காரணமும் இருந்தது; அதைச் சொல்லத் தயங்கலாகாது. கூடத்தில் வந்து அமரும் பிற சாதியாரின் பார்வை உணவின்மேல் படக்கூடாது என்று நம் முன்னோரில் பலர் கருதினர். மூதாட்டியின் மனத்திலும் இது ஓரளவு இருப்பதாக அவர் மகனே எழுதியிருக்கிறார். பார்வையால் எந்தச் சிற்றுயிரும் மாய்வதில்லை. அணுவிரதங்கள் ஐந்தில் எதனோடும் இதற்குத் தொடர்பு காண நம்மால் இயலவில்லை. எறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் பூமி. அயல்வீட்டார் அன்போடு ஒரு முறம் கொண்டுவந்து வைத்தால், நாங்கள் கிழங்கும் வெங்காயமும் உண்பதில்லை என்று கூடத்திலிருந்தே முகமலர்ந்து சொல்லலாம். அதற்குச் சுவர் எதற்கு?

ஆயினும் மூதாட்டியின் சொல்லை முழுதும் தள்ளிவிட இயலாது. ஐப்பசி மழையில் ஓர் இரவு கூடத்து விளக்கைச் சூழும் ஈசலைப் பார்த்தவர்கள் இதை உணர்வர். சுவர் இருந்தால் அவை கூடத்தோடு நிற்கும். சுவரில்லையேல் எரியும் அடுப்பிலும் பால் பாத்திரத்திலும் விழுந்து மாயும். இது உண்மையான உயிர்க்கேடு, தடுப்பதற்குரியது.

இங்கேதான் நாம் சற்று நின்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவில் அடுப்பு ஏன் எரிகிறது? கதிரவன் மறையுமுன் உண்ணும் வீட்டில் ஈசல் வரும் நேரத்தில் அடுப்பு அணைந்து, பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும் அன்றோ? நம் குடும்பங்களில் இரவுணவு எவ்வளவு பரவிவிட்டது என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அறிவர். அடுப்பங்கரைச் சுவர் பல வீடுகளில் அதைக் கூடத்து விருந்தினரிடமிருந்து மறைத்துவருகிறது. சுவரை எடுத்தால் நம் வழக்கம் வெளியே தெரியும் என்ற கூச்சமும் இந்த எதிர்ப்பில் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறோம். நம் வீட்டுச் சுவரையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரவுணவிற்கு வேலைக்குச் செல்லும் மருமகளையே காரணமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கார்த்திகையில் நம் பகுதியில் மாலை ஐந்தே முக்கால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்கு வீடு திரும்பும் பெண் அதற்குள் சமைத்து எல்லோரையும் உண்பித்து முடிக்க வேண்டும் என்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? விரதம் குடும்பம் முழுவதற்கும், உழைப்பு ஒருத்திக்கு. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி என்னும் கட்டடக்கலை அம்மையார், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள சமையலறை ஒன்றை வகுத்தார். ஒவ்வோர் அடியும் அளந்து, பெண்ணின் வீண் நடையைக் குறைக்கும் நன்னோக்கத்தோடு செய்தது. ஆனால் அதனுள் ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடிந்தது. மற்றவர் எவரும் உதவிக்கு வர இடமில்லை என்ற குறை பின்னாளில் எழுந்தது. நம் ஊர் அடுப்பங்கரைகள் எவரும் அளக்காமலே இக்குறையை எய்தியவை. கூடத்திலிருப்பவர் கண்ணெதிரே மேடை இருந்தால், காய் நறுக்கவும் தட்டு எடுத்துவைக்கவும் ஆண்கள் எழுந்து வருவர் என்று உறுதி கூற முடியாது. வராமலிருப்பதற்குச் சாக்கு ஒன்று குறையும்.

ஆகவே சுவரில்லாமலே கட்டலாம் என்று எழுதிவிட்டோம். அடுப்பிற்கு மேற்கே பெரிய சன்னலும், அதற்குக் கொசுவலைக் கம்பியும் வேண்டும் என்றோம். முனிவர் எழுந்தருளினால் வாயிலில் எதிர்கொண்டு அழைத்துவரும் வழியில் இருக்கைகள் நெருங்கியிராமல், அவர் நின்று கைகளில் உணவேற்கும் இடத்தில் பகல் வெளிச்சம் நன்கு விழவேண்டும் என்பதையும் சேர்த்தோம். முடி ஒன்றோ சிற்றுயிர் ஒன்றோ கண்ணுக்குத் தப்பினால் அன்றைய ஆகாரமே தடைப்படும்.

நமக்கு விடை தெரியாத ஒன்றும் அந்த வரைபடத்தில் இருந்தது. மடித்த துணியில் நீரை வடிகட்டி, அந்நீரை இரண்டு நாழிகைக்குள் பயன்படுத்துவதோடு நம் கடமை முடிவதில்லை. துணியில் தங்கிய உயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே மெல்லச் சேர்க்க வேண்டும். கிணறு இருந்த காலத்தில், அடியில் கொக்கி வைத்த வாளியை இறக்கி நீர்மட்டத்தில் கவிழ்த்தார்கள். இவ்வீட்டிற்கு வரைந்திருப்பது ஆழ்துளைக் குழாய். அதனுள் எதைத் திருப்பி விடுவது? மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம் என்பதால், அதில் விடலாமே என்றார் நண்பரொருவர். வேறிடத்து நீரில் விட்டால் அவை பிழைக்குமா என்ற ஐயம் நமக்குத் தீரவில்லை. கொல்லையில் சிறு கிணறு ஒன்றிற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.