இறந்தோர் பேசுவரோ?

இறந்தவரோடு பேசுதல் கூடுமோ என்பது ஒரு வினா. கூடுமாயின் அது தகுமோ என்பது மற்றொரு வினா. முன்னையது அறிவைப் பற்றியது. பின்னையது அறத்தைப் பற்றியது. உலகத்தார் முன்னையதைக் குறித்தே பெரிதும் வழக்கிடுவர். பின்னையதே ஆசிரியராகிய நமக்குச் சிறப்பாக உரியது என்பதை இங்கே காட்டப் புகுகின்றோம். இதற்கு வாயிலாக வந்தது ஒரு சினிமாப்படம். சைவாசிரியர் படிக்கும் பத்திரிகையிலே சினிமாப்படத்துக்கு யாது இடம் என்று அன்பர்கள் சினவற்க. நம் மாணாக்கர் நாடோறும் காண்பதை நாம் காணாதிருந்துகொண்டு அவருக்கு நல்வழி காட்டுதல் இயலாது.

'யாவரும் நலம்' என்னும் அப்படம் 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. விக்ரம் குமார் என்பவர் நெறிப்படுத்த, மாதவன் தலைவனாக நடிக்க, பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்ய, தமிழிலும் இந்தியிலும் ஒருங்கே எடுக்கப்பட்டது. ஒரு குடும்பத்தார் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் பதின்மூன்றாம் மாடியிலே புதுமனை புகுவர். அங்கே பால் நாடோறும் திரியும். மின்தூக்கி தலைவனுக்கு மாத்திரம் இயங்காது. வீட்டுப் பெண்கள் பார்க்கும் தொலைக்காட்சி நாடகமொன்றிலே தம் வீட்டு நிகழ்ச்சிகளே நடக்கக் கண்டு அவன் திகைப்பான். முன்னொருகால் அவ்விடத்திலே கொலையுண்ட குடும்பத்தாரின் ஆவிகளே அந்நாடகத்தின் வாயிலாகப் பேசுகின்றன என்பது பின்னர் வெளியாகும். அக்கொலைப்பழி சித்தசுவாதீனமில்லாத ஒருவன்மேற் சுமத்தப்பட்டிருந்தது, கொலைஞனோ வேறொருவன். இறுதியிலே தலைவன் கையும் குருதிக்கறை கொள்ளும்.

பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் இப்படத்தைக் கைத்தொலைபேசியிலே திரும்பத் திரும்பப் பார்ப்பவர் நம் தீவகத்தில் உளர். குறிகட்டுவான் துறையிலே வள்ளத்துக்குக் காத்திருப்போர் வாயிலும், ஆசிரியர் அறையிலும், நாம் கேட்ட அபிப்பிராயங்கள் மூவகைப்படும். வெண்சேலையும் விரிகூந்தலும் காட்டாமல், வீட்டுக்கூடத்துத் தொலைக்காட்சியைக்கொண்டே அச்சம் விளைத்தமையால் இது சிறந்ததென்பார் ஒரு சாரார். நேரே பெயரைச் சொல்லிவிடக்கூடிய ஆவிகள் இத்தனை நாள் நாடகம் நடத்துவானேன் என்று குறை காண்பார் மற்றொரு சாரார். இவையெல்லாம் உண்மையில் நிகழக்கூடியனவே என்று நம்புவார் மூன்றாஞ் சாரார். அச்சத்தையும், கதைப்பொருத்தத்தையும், உண்மை பொய்யையும் இவர் ஆராய்ந்தனர். ஆவி சொன்னதைக் கேட்டு ஒருவன் செயல் செய்தல் முறையோ என்று ஆராய்ந்தாரை நாம் கண்டிலேம்.

நாம் கற்பிக்கும் பாடசாலையிலே மாணாக்கர் சிலர் இப்படத்தைப் பார்த்தபின் ஒரு விளையாட்டுத் தொடங்கினர். காகிதத்திலே எழுத்துக்களை வட்டமாக எழுதி, நடுவே நாணயமொன்றை வைத்து, மூவர் விரல் வைத்து ஆவியை அழைப்பர். நாணயம் நகர்ந்து எழுத்துக்களைத் தொடும். அவற்றைக் கூட்டி விடையாகக் கொள்வர். இது புதிதன்று. இதுபோன்ற பலகையொன்று அமெரிக்காவிலே 1891ஆம் ஆண்டு உரிமைப்பத்திரம் பெற்று, 'ஊயிஜா' என்னும் பெயரால் விளையாட்டுப்பொருளாக விற்கப்பட்டது. அதற்கு முன்னே, 1848ஆம் ஆண்டு, நியூயோர்க் மாகாணத்து ஹைட்ஸ்வில் என்னும் ஊரிலே பொக்ஸ் என்னுங் குடும்பத்துச் சகோதரிகள், சுவரிலெழுந் தட்டொலி ஆவிகளின் மறுமொழி என்றனர். நாற்பதாண்டு கழித்து, 1888இல், அவருள் ஒருவராகிய மார்கிறெற் என்பவர், அது தம் கால்விரன் மூட்டினின்றெழுந்த ஒலியே என்று சபை நடுவே ஒப்புக்கொண்டார். மறுவருடம் அவ்வாக்குமூலத்தைத் தாமே மறுத்துங் கூறினார். மேசை சுழற்றும் வித்தையை 1853இல் சோதித்த மைக்கேல் பரடே என்னும் பௌதிக நூலார், மேசையைச் சுழற்றுவது ஆவியன்று என்றும், கைவைத்தோர் தாம் தள்ளுவதைத் தாமே அறியாது தள்ளுகின்றனர் என்றும் கருவியமைத்துக் காட்டினர்.

இதனை அறிந்த நாம், மாணாக்கரைக் கடியாது, அவரோடு அமர்ந்து ஒரு சோதனை செய்தோம். அவர் கண்களைத் துணியாற் கட்டினோம். அவரறியாமற் காகிதத்தைத் திருப்பிவைத்தோம். நாணயம் முன்போலவே நகர்ந்தது. ஆனால், எழுத்துக்கள் முன்னிருந்த இடங்களை நாடிச் சென்றதன்றி, இப்பொழுது இருக்கும் இடங்களை நாடிற்றிலது. கட்டவிழ்த்துக் காட்டியபொழுது பிள்ளைகள் சிரித்தனர். நாமும் வென்றோம் என்று மகிழ்ந்தோம். ஒருவன் மாத்திரம் சிரித்திலன். "அப்படியெண்டால் பெரியப்பா ஒண்டும் சொல்லேல்லையோ, சேர்?" என்றான்.

அவன் பெரியதந்தையார் 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே பிடித்துச்செல்லப்பட்டவர். அம்மாதத்திலே இராணுவத்தினர் தீவகத்தைக் கைப்பற்றியபொழுது, மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களிலே கொண்டுசெல்லப்பட்டவர் பலர் திரும்பி வந்திலர் என்பது நம்மவரெல்லாரும் அறிந்தது. முதனாள் நாணயம் 'வருவேன்' என்று காட்டியதாம். அதனை அவன் தன் அப்பாச்சிக்கு உரைத்திருந்தான். நமது மகிழ்ச்சி அக்கணமே அவிந்தது. பொய்யொன்றை எடுத்தோம்; எடுத்த இடத்திலே வைப்பதற்கு நம் கையில் ஒன்றும் இருந்திலது.

இஃது அவ்வொரு வீட்டின் துயரன்று. கிழக்கிலங்கையிலே யுத்தகாலத்தில் அம்மன் கோயில்களிலே உருவேறி வாக்குச் சொல்வாரிடம், காணாமற்போனோரின் தாய்மார் சென்று, பிள்ளை உளனோ இலனோ என்று கேட்டு நின்றமையைப் பற்றீசியா லோறன்ஸ் என்னும் மானிடவியலார் ஆராய்ந்து எழுதியிருக்கின்றார். அத்தாய்மாரை மூடநம்பிக்கையர் என்று இகழ்தல் நமக்கு ஒருபொழுதும் அடாது. மறுமொழி சொல்லவேண்டியவர் சொல்லாதொழிந்தமையாலன்றோ அவர் வாக்குக் கேட்கச் சென்றனர்!

இனி, இறந்தோரிடம் கேட்டவர் பெற்றது யாது என்று ஆராய்வோம். இளமையிலே மிஷன் பாடசாலையிற் கற்ற நமக்குச் சவுல் அரசன் கதை மறவாது. அவன் போருக்கஞ்சி, எந்தோர் என்னும் ஊரிலே மாயக்காரியொருத்தியைக்கொண்டு சாமுவேலின் ஆவியை எழுப்புவித்தான். மறுநாள் தானும் தன் மைந்தரும் மடிவர் என்பதே அவன் பெற்ற விடை. அங்கே கற்ற ஹம்லெற் நாடகத்திலோ, கொலையுண்ட தந்தையின் ஆவி தானே வந்து கொலைஞனைப் பெயர் சொல்லிக் காட்டும். அதனைக் கேட்டும் அரசகுமாரன், வந்தது தீய ஆவியாயிருத்தலும் கூடுமென்று ஐயுற்று, ஒரு கூத்து நடிப்பித்துச் சோதித்த பின்னரே அச்சொல்லைத் துணிந்தான்.

நம் நாட்டு வழக்கு இதனினும் தெளிவாகப் பேசும். பழையனூர் நீலி கதையை அறியாத சைவர் இலர். கணவனாற் கொலையுண்டவள் பேயாகி, வணிகனொருவனைத் தன் கணவனென்று கூறி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன்னே முறையிட்டாள். வணிகன், "இவள் மனைவியல்லள், பேய்" என்று உண்மையை உரைத்தான். வேளாளர் பேயின் கண்ணீரை நம்பி, அவனுயிருக்குத் தம்முயிரைப் பிணைவைத்து, அவளோடு அனுப்பினர். விடிந்தபொழுது அவன் மாண்டு கிடந்தான். அவர் தாம் கொடுத்த வாக்கின்படி எரியிலே புகுந்து உயிர்விட்டனர். திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் தமது திருவாலங்காட்டுப் பதிகத்தினுள்ளே இவ்வரலாற்றைக் குறித்தருளினர். வாக்குத் தவறாமையைப் புகழ்தற்கே இக்கதையை நாம் எடுத்தோதுவது வழக்கம். அதனுள்ளே வேறொரு பாடமும் உண்டு. நீலிக்கு இழைக்கப்பட்ட அநீதி மெய். அவள் அம்மன்றத்திலே சொன்ன சொல்லோ பொய். இறந்தோர் பேசினர் என்றே வைத்துக்கொள்ளினும், அச்சொல்லும் சாட்சிக்கூண்டிலே சோதிக்கப்படவேண்டிய சொல்லேயாம். சோதித்தல் உயிரோடிருப்போர் கடன். அதனைப் பேயின் தலையிலே ஏற்றுதல் ஆகாது.

அங்ஙனமாயின் பேய் என்பது இல்லையோ எனின், அவ்வாறு கூறேம். மறைமலையடிகளும் மரணத்தின்பின் மனிதர் நிலையைப் பற்றித் தனி நூலே செய்தனர். சித்தாந்த சாத்திரங்கள் கூறுவது, ஆன்மாத் தூலவுடம்பை விட்டுச் சூக்குமவுடம்போடு சென்று, தன் வினைக்கேற்ற நிலையைத் திருவருளாணையின்படி அடையும் என்பது. பாம்பு தோலுரித்தலையும், கனவையும் சிவஞானபோதம் இதற்கு உவமை காட்டும். அவ்வான்மா இப்பொழுது எந்நிலையிலுள்ளது என்பது இறைவன் திருவுள்ளத்தது. நாணயத்தின்மேல் மூன்று விரல் வைத்து அதனை அழைத்தல், நீதிபதியின் ஆணையிலுள்ள ஒருவரைத் தெருவிலே நின்று கைதட்டிக் கூப்பிடுதல் போலும்.

பழையனூரை அடுத்ததே திருவாலங்காடு. காரைக்காலம்மையார் தாமே வேண்டிப் பேயுருப் பெற்று, திருக்கைலையைத் தலையாலே நடந்து சென்று வணங்கியபின் இருந்து பாடியது இத்தலத்திலேதான். ஒருத்தி பழிவாங்கப் பேயானாள். மற்றொருவர் அன்பு செய்யப் பேயானார். பேய்வடிவு நம் சமயத்துக்கு அச்சப்பொருளன்று என்பதற்கு அம்மையாரே சான்று. அவர் இவ்வுலகத்தார் கேள்விக்கு விடை சொல்ல வந்தாரல்லர். ஆடுகின்ற பெருமானைப் பாடவே சென்றார்.

மறுநாள் அம்மாணாக்கன் வீட்டுக்குச் சென்றோம். அப்பாச்சியார் எண்பது கடந்தவர். நாணயத்தின் பொய்யை எவ்வாறு எடுத்துரைப்பது என்று நாம் தயங்கியிருக்க, அவரே சொன்னார்: "அது பிள்ளையளின்ரை விளையாட்டெண்டு எனக்குத் தெரியும், மாஸ்ரர். அவன் வந்து கதைக்க வேண்டாம். நான் அவனுக்கு விளக்கு வைக்கிறதோ, சோறு வைக்கிறதோ, அதைச் சொல்லுங்கோ."

இறந்தவனாயின் விளக்கு, இருப்பவனாயின் சோறு. முப்பது ஆண்டுக்கு மேலாக அத்தாய் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றார். அந்தியேட்டி செய்வதாயின் மகன் இறந்தான் என்று தம் வாயாலே சொல்லவேண்டும். செய்யாதொழிவதாயின் கடன் தவறினோமோ என்னும் வேதனை. இதற்கு நேர்விடையை எந்நூலிலும் நாம் கண்டிலேம். கண்டதாகச் சொல்லி அவரை ஏமாற்றவும் துணிந்திலேம். அவன் பெயராலே அன்னமிடுதல் இருப்பவனுக்கும் ஆகும், இறந்தவனுக்கும் ஆகும் என்று மாத்திரம் சொன்னோம்.

நெடுந்தீவினின்று 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி புறப்பட்ட குமுதினிப் படகை எண்ணுக. நடுக்கடலிலே குழந்தைகளும் பெண்களும் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டுண்டு மாண்டனர். செய்தவர் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். நீதி கிட்டாவிடினும், அவர் பேசினமையாலே இறந்தோரின் பெயரும் நாளும் ஊரார்க்குத் தெரியும். ஆண்டுதோறும் நெடுந்தீவார் கூடி நினைவுகூர்கின்றனர். அங்கே எவரும் நாணயம் வைத்து ஆவியை வினாவவேண்டியதில்லை. 1990இல் கொண்டுசெல்லப்பட்டோர் வரலாற்றை அறிந்த வாய்களோ மூடியிருக்கின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே காணாமற்போனோர் அலுவலகம் ஏற்பட்டும் இம்முதியவர்க்கு மறுமொழி வந்திலது. பிடித்தவர் உளர், ஏவியவர் உளர், கண்டவர் உளர். பேசவேண்டியவர் உயிரோடிருப்போர். அவர் பேசாமையால் எழுந்த வெறுமையிலேதான் நாணயமும் பலகையும் தொலைக்காட்சிப் பேயும் வந்து குடிபுகுகின்றன.

ஆதலால், ஆசிரியர்களே, மாணாக்கர் இத்தகைய படங்களைப் பற்றிப் பேசும்பொழுது, "பேய் உண்டோ இல்லையோ" என்பதோடு நின்றுவிடற்க. பொய்யைச் சோதித்துக் காட்டுக. காட்டியபின் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பற்க. தம் ஊரிலே இழக்கப்பட்டோரின் பெயரையும், இறுதியாகக் காணப்பட்ட நாளையும், கண்டவர் சொல்லையும் முதியோரிடங் கேட்டு எழுதிவைக்கப் பழக்குக. இறந்தோரைப் பேசுவிக்க முயல்வதினும், இருப்போர் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் உயர்ந்த கல்வியாகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாச்சியார் பேரனுடன் நயினாதீவு நாகபூஷணியம்மன் கோயிலுக்குச் சென்று அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தார். நாமும் உடன் சென்றிருந்தோம். எழுதுபவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மகன் பெயரையும் நட்சத்திரத்தையும் அவர் தெளிவாகச் சொன்னார். இருக்கின்றாரோ இல்லையோ என்று அங்கே ஒருவரும் வினாவிற்றிலர்.

திருச்சிற்றம்பலம்.