எவ்வுள் என்று கேளாத விருந்தாளி

வீரராகவப் பெருமாளைச் சேவிக்கத் திருவள்ளூருக்கு எழுந்தருளும் அடியார்கள் இத்தலத்தின் பெயர்க்காரணத்தை அறிவார்கள். நெடிய நோன்பிருந்த சாலிஹோத்திர முனிவர் அரிசி மாவை நிவேதனம் செய்து, கிழ அந்தணராக வந்த அதிதிக்கு இட்டார். வந்தவர் முனிவரின் பங்கையும் உண்டு, படுக்க ‘எவ்வுள்?’ என்று வினவினார். முனிவர் தம் குடிலையே காட்டினார். ஊர் திருஎவ்வுள் ஆயிற்று.

இவ்வாறு கேளாமலே உள்ளே புகும் விருந்தாளி ஒன்று நம் இல்லங்களில் உண்டு, அது அணில். பழுக்கும் கொய்யாவைக் கடிக்கும். பஞ்சையும் நாரையும் இழுத்துப் பரண்மேல் கூடு கட்டும். மின்கம்பியின் உறையைக் கொறிக்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் குடியிருப்பானாலும் சந்நிதி வீதியின் ஓட்டு வீடானாலும் அதற்கு ஒன்றே. இதனைப் பொறி வைத்துப் பிடிக்கலாமா, நஞ்சிட்டுக் கொல்லலாமா என்பது சிறு கேள்வியன்று.

சேதுபந்தனத்தில் நீரில் நனைந்து மணலில் புரண்டு தொண்டு செய்த அணிலுக்கும் தாம் ஒப்பாகவில்லையே என்று தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் நைகின்றார். (வால்மீகி ராமாயணத்தில் இவ்வணில் இல்லை என்பதைச் சிலர் அறியார்.) முதுகிலுள்ள மூன்று கோடுகள் இராமபிரானின் விரல் தடங்கள் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். ஆயினும் மணல் சுமந்த அணிலை மெச்சுவது எளிது. அது உதவ வந்தது. நம் தயை அளக்கப்படுவது கொய்யா தின்னும் அணிலிடத்தில் அன்றோ?

அப்படியாயின் எல்லாவற்றையும் பொறுத்தேயாக வேண்டுமா? அடியேன் அவ்வாறு கருதவில்லை. முனிவர் கொடுத்தது தம்முடைய பங்கை, அயலாருடையதை அன்று. ஒற்றைக் கொய்யா மரமுள்ள வீட்டுக்காரர் பத்துப் பழம் இழப்பது வேறு, தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் இழப்பது வேறு. அவனிடம் ஜீவகாருண்யம் உபதேசிப்பவர் முதலில் இரண்டு கூடைப் பழத்திற்கு விலை கொடுத்துவிட்டு உபதேசிக்கட்டும்.

ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரின் மலைப்பகுதியில், சாம்பல் நிற மலை அணிலுக்கென 1988இல் சரணாலயம் அமைந்தது. அது அருகிய இனம். நம் வீட்டு அணில் மலிந்த இனம். இனத்தைக் காக்கும் அரசுக்கு இவ்வேற்றுமை பெரிது. பொறியில் அகப்பட்ட உயிரின் வேதனைக்கோ அருமையும் இல்லை, மலிவும் இல்லை.

அணில் நம்மேல் பகைகொண்டு கொறிப்பதில்லை. அதன் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. கொறித்தே தேய்க்க வேண்டும். ஆகவே கூரையைத் தொடும் கிளையைத் தறிப்பதும், சாளரத்திற்குக் கம்பிவலை அடிப்பதும், காய்களைப் பையிட்டு மூடுவதும் இல்லறத்தானுக்கு உரிய காவலே, அவற்றில் பாவமில்லை. நஞ்சு அத்தகையதன்று, நஞ்சுண்ட அணிலைத் தின்னும் பூனைக்கும் அது கேடு.

இவ்விரண்டிற்கும் இடையில்தான் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். தாயைப் பொறியில் பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டு, ‘கொல்லவில்லையே’ என்று நிம்மதி அடைகிறோம். கூட்டில் கண் திறவாத குட்டிகள் இருந்தால் அவை பாலின்றி மடியும். குட்டிகள் இருக்கையில் துவாரத்தை அடைப்பதும் அவ்வாறே. முதலில் ஏணி வைத்து ஏறிக் கூட்டைப் பார்க்க வேண்டும். குட்டிகள் இருந்தால் அவை வளர்ந்து வெளியேறும்வரை, சில வாரங்கள், அந்தப் பரணை விட்டுக்கொடுத்து, அதன்பின் வலை அடிக்கலாம்.