மைதானத்துச் சான்றிதழ்

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலையில்தான் கல்லூரிச் சேர்க்கையும் சூடுபிடிக்கிறது. தென்காசிப் பக்கம் கபடி ஆடும் பிள்ளைகள் லேமினேஷன் போட்ட சான்றிதழ்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டு அலைவதும் அப்போதுதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், எம்.பி.பி.எஸ். படிப்பில் வெறும் 7.

இந்த ஒதுக்கீடே தவறு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடியுமுன் எழுந்து, செம்மண்ணில் முழங்கால் தேய ஆடியவனுக்கும் ஒரு வாசல் வேண்டும். ஆனால் அந்த வாசல்வரை போகும் வழி? எந்த அளவிலான போட்டி, எத்தனையாவது இடம் என்று பார்த்தே மதிப்பெண். கபடியில் ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் தாண்டி மாவட்ட அணிக்கு வர வேண்டும். தேர்வு சென்னையில் என்றால் செங்கோட்டையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, கையில் புளியோதரைப் பொட்டலம். துப்பாக்கி, தோட்டா, தனிப் பயிற்சியாளர் என்று காசைக் கொட்ட வேண்டிய ஆட்டங்களிலோ களத்தில் நிற்பவர்களே கொஞ்சம்.

பணம் மைதானம் வழியாகவும் உள்ளே நுழையும். 2019-இல் அமெரிக்காவில் அம்பலமான மோசடியில், துடுப்பே பிடிக்காத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டி, பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினார்கள் வசதியான பெற்றோர். போலிச் சான்றிதழ் நமக்கும் புதிதல்லவே!

சான்றிதழுக்கு மதிப்பெண் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனை பேரோடு மோதி அது கிடைத்தது என்பதையும் கேளுங்கள்.